ஒரே பூசையில் இரண்டு கருத்து

எங்கள் கோயிலில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: ஒப்புக்கொடுத்தல். நோயை ஒப்புக்கொடு, கவலையை ஒப்புக்கொடு, பிள்ளையை ஒப்புக்கொடு. பூசையையும் ஒப்புக்கொடுக்கிறோம். என் கணவர் கடலில் காணாமற்போன பிறகு இந்தச் சொல்லைக் கேட்காத நாள் எனக்கு இல்லை. சொன்னவர்கள் எவரும் எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை. வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். "ஆண்டவரிட்ட ஒப்புக்குடுத்திட்டு நிம்மதியா இருங்கோ" என்றார்கள். பிறகு தங்கள் புருஷன்மாரின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

என் கணவர் மீன்பிடிகாரர் அல்ல. படகு எஞ்சின் திருத்துபவர். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்குக் கீழே, துறைமுகப் பக்கமாக, சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். சாம்பல்தீவுக்காரர் ஒருவர் தன் எஞ்சின் நடுக்கடலில் நின்று நின்று போகிறது, கூட வந்து ஒருக்கால் பாருங்கள் என்று கேட்டார். இவரும் போனார். பின்னேரம் வந்துவிடுவேன், மீன் வாங்காதே, நானே கொண்டுவருகிறேன் என்றார். மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறியது. இரண்டு பேரும் வரவில்லை, படகும் வரவில்லை. நேவிக்காரர் தேடினார்கள். நிலாவெளிக் கரைவலைக்காரர் எல்லோரிடமும் சொல்லிவைத்தோம். ஓர் எண்ணெய்க் கான்கூடக் கரை ஒதுங்கவில்லை.

சாம்பல்தீவுக்காரரின் குடும்பம் சைவம். ஐயர் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்தார். அதையே அவர் என்று வைத்து எரித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்து முடித்தார்கள். நான் போயிருந்தேன். அவரின் மனுஷி அழவேண்டியதை அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எங்களைப் பந்தியில் இருந்து சாப்பிடச் சொன்னாள். எனக்கு அவள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. பொறாமை என்று சொன்னாலும் சரிதான். அவளுக்கு எரிப்பதற்குப் புல்லாவது கிடைத்தது. எங்களிடம் இருப்பது பூசை, அதற்குக் கருத்துச் சொல்லவேண்டும்.

கருத்து என்றால், அந்தப் பூசை யாருக்காக, என்ன வேண்டி என்பது. பூசை தொடங்கமுன் அதைச் சபையில் வாசிப்பார்கள். ஆண்டு நிறைவு நெருங்கியபோது நான் கோயிலுக்குப் போனேன். மணி அடித்து, மெழுகுதிரி கொளுத்தி, பூசைக்குப் பெயர் எடுக்கிற சங்கிலித்தாம் நல்ல மனிதர். எல்லோரிடமும் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டார்.

"உயிரோட இருக்கிறவைக்கோ, மரிச்சவைக்கோ, தங்கச்சி?"

உயிரோடு இருப்பவர் என்றால் 'நற்சுகத்துக்காக' என்று வாசிப்பார்கள். மரித்தவர் என்றால் 'ஆன்ம இளைப்பாற்றிக்காக'. மூன்றாவது வகை கிடையாது. இத்தனை நூற்றாண்டாக நடக்கிற திருச்சபைக்கு, காணாமற்போனவர்களுக்கென்று ஒரு வசனம் வைத்திருக்கத் தோன்றவில்லை. அதுவும் இந்த நாட்டில்.

"உயிரோட இருக்கிறவைக்கு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் "ஓம்" என்றார்.

வீட்டில் மாமிக்கு இது தெரிந்ததும் தொடங்கியது. மாமி என் கணவரின் தாய். அவருக்கு வேறு பிள்ளை இல்லை, எனக்கும் பிள்ளை இல்லை, நாங்கள் இரண்டு பேரும்தான் வீட்டில். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் திருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்ர பிள்ளை உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில கிடந்து வேகுது. கரையேத்த ஒரு பூசை இல்லை, ஒரு செபம் இல்லை. நீ பிடிச்சு வச்சிருக்கிறாய் பிள்ளை."

"உயிரோட இருக்கிற மனுசனுக்குச் செத்தவீட்டுப் பூசை குடுத்தா அது சாபமெல்லோ மாமி?"

"எங்க இருக்கிறான், சொல்லு. இப்பவே போய்க் கூட்டிக்கொண்டு வருவம்."

அவர் உயிரோடு எங்கேயாவது கிடந்தால், மரித்தவர் என்று வாசிப்பது என் கையாலேயே கதவைச் சாத்துவது. அவர் போய்விட்டார் என்றால், நற்சுகம் கேட்டு நான் கொடுக்கும் ஒவ்வொரு பூசையும் அவரை அந்த நெருப்பில் இன்னும் கொஞ்சம் விட்டுவைப்பது. எது சரி என்று தெரிந்தவர் மேலே இருக்கிற ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை.

புதிதாக வந்த ஃபாதரிடம் போனேன். என் வயதில் பாதி இருக்கும்.

"எல்லாத்தையும் ஆண்டவர்ட கையில விடுங்கோ அம்மா. அவருக்குத் தெரியும்" என்றார்.

"எனக்கும் தெரியவேணும் ஃபாதர்."

அவர் சிலுவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உங்களுக்காக மன்றாடுகிறேன் என்றார். பாவம், அவருக்குப் படிப்பித்தது அவ்வளவுதான். அந்த நாட்களில் கர்த்தர் கற்பித்த செபத்தில் 'உமது திருவுளம்' நிறைவேறட்டும் என்று கேட்கிற இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லி முடித்ததும், அன்றாட அப்பம் கேட்கிற அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்வேன்.

ஆண்டு நிறைவுப் பூசை ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் நிறைந்த சனம். மாமி எனக்குப் பக்கத்தில், செபமாலையும் கையுமாக. பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் வந்து ஒலிவாங்கியில் கருத்துகளை வாசித்தார். என் கணவரின் பெயர் முதலில் வந்தது. "அவரின் நற்சுகத்துக்காக மனைவி ஒப்புக்கொடுக்கிறார்." நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறு இரண்டு பெயர்கள் போயின. பிறகு திரும்பவும் அதே பெயர். "அவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் தாயார்" என்று தொடங்கிய ரீச்சர் நின்றுவிட்டார். தான்தான் பிழையாக வாசித்தேன் என்று நினைத்திருக்கவேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆற அமர, தெளிவாக, இன்னொருக்கால் வாசித்தார்.

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். பிறகு அது இருமலாக மாறியது. என் கணவர் ஒரே பூசையில் உயிரோடும் இருந்தார், செத்தும் இருந்தார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. மாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பீடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கு நான் ஃபாதரிடம் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை, அவர் போனார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கத்தினேன்.

"ஊர் சிரிக்க வச்சிட்டியள். எனக்குச் சொல்லாமல் போய்க் குடுத்திருக்கிறியள். பெத்த பிள்ளை செத்துப்போகவேணும் எண்டு அவ்வளவு அவசரமோ உங்களுக்கு?"

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொள்ளலாம், சொல்லைத் திருப்பி எடுக்க ஏலாது. மாமி அழுவார், அல்லது என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கதிரையில் மெல்ல இருந்தார்.

"நீ குடுத்ததுதான் பலிக்கவேணும் எண்டு நானும் மன்றாடுறன் பிள்ளை. நான் குடுத்தது வீணாப் போகட்டும். வீணாப் போகவேணும் எண்டு கேட்டுத்தான் குடுத்தனான். ஆனா, அவன் அங்க தனியக் கிடந்தான் எண்டா, அம்மா எனக்கு ஒண்டும் அனுப்பேல்லை எண்டு நினைக்கக் கூடாதெல்லோ."

நான் போய் அவர் காலடியில் நிலத்தில் இருந்துவிட்டேன். இவ்வளவு காலமும் நான் இந்த மனுஷியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சண்டை பிடிக்கவேண்டிய ஆள் பேசாமல் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் மோதவிட்டுவிட்டு அவருக்கென்ன. அன்றைக்கு எனக்கு ஆண்டவர்மேல் வந்த கோபத்தைப்போல வேறு எவர்மேலும் வந்ததில்லை. நம்பாதவருக்கு இந்தக் கோபம் வராது, அதுதான் இதில் உள்ள வயிற்றெரிச்சல்.

அடுத்த ஆண்டு மாமியும் நானும் ஒன்றாகவே சங்கிலித்தாமிடம் போனோம். அவர் பாவம், எங்களைக் கண்டதும் தடுமாறிப்போனார். நான் கணவரின் பெயரைச் சொன்னேன்.

"பேரை மட்டும் வாசியுங்கோ அண்ணை. வேற ஒண்டும் வேண்டாம்."

"அதெப்பிடித் தங்கச்சி? என்னத்துக்கு எண்டு சொல்லாட்டி, ஆண்டவருக்கு என்னெண்டு விளங்கும்?"

"அவருக்குத்தானே எல்லாம் தெரியும் எண்டு எல்லாரும் சொல்றியள். மிச்சத்தை அவரே போட்டு வாசிக்கட்டும்."

மாமி ஓம் என்று தலையாட்டினார். இதைத்தான் ஒப்புக்கொடுத்தல் என்று சொல்கிறார்களோ, எனக்குத் தெரியாது. நான் அதைக் கோபத்தில்தான் சொன்னேன்.