நாலு ரயரும் ஒரு தங்கச்சியும்

இந்த நாட்டில் கார் ரயரின் ஆயுளைக் காசு வைத்துப் பார்க்கிறார்கள். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை. ரயரில் உள்ள பள்ளத்துக்குள் இருபது பென்ஸ் காசைச் செருக வேண்டும். காசின் விளிம்பு வெளியே தெரிந்தால் ரயர் தேய்ந்துவிட்டது. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பிளாட் வாசலில், மழைத் தூறலுக்குள் குந்தியிருந்து நானும் செருகிப் பார்த்தேன். நாலிலும் விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. கவலைப்பட வேண்டியவள், துள்ளிக் குதித்தேன். புது ரயர் வாங்குவதென்றால் பயணம் நிச்சயம் என்று அர்த்தம். என் தங்கை தாதி வேலை கிடைத்து ஸ்கொட்லாந்துக்கு வந்திருந்தாள். மார்கழியில் அவளுக்கு லீவு இல்லை. நானே கார் ஓட்டிப் போய்ப் பார்ப்பதென்று முடிவெடுத்திருந்தேன். நான் ஊரை விட்டு வந்தபோது பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு கை காட்டியவள் அவள். அதன் பிறகு போனுக்குள்தான் வளர்ந்தாள்.

“நீர் ரெயினிலை போம். அங்கை ஸ்னோ கொட்டும், கார் வழுக்கும்” என்றார் என் கணவர்.

“நல்ல ரயர் போட்டால் போகலாம்தானே?”

“ஓம். ஆனால் மலிஞ்சதைப் போட்டுக்கொண்டு போக விடமாட்டன்.”

விலை கூடியது எங்களுக்குக் கட்டாது. ஊரில் இந்தத் தலையிடி இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் புது ரயர் வராத காலத்தில் சைக்கிள் ரயர் வெடித்தால், பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து ஓடினோம். பின் கரியரில் தங்கை இருப்பாள். துண்டு வைத்த இடம் தரையில் படும்போதெல்லாம் சைக்கிள் ‘டொக்’ என்று தூக்கிப் போடும். அவள் அதற்கென்றே காத்திருந்து சிரிப்பாள்.

ரயர்க் கடையிலோ ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஈரத் தெருவில் எப்படிப் பிடிக்கும் என்பதற்கு ஏ, பி, சி என்று பிள்ளைகளின் பள்ளிக்கூட றிப்போட் போலப் போட்டிருந்தார்கள். ஆக மலிவானதற்கு டி. குளிர்காலத்துக்கென்றே செய்த ரயர் என்றால் கோடையில் கழற்றி வைக்க பிளாட்டில் இடமில்லை. கடைசியில் நடுத்தர விலையில் ஒன்று அகப்பட்டது. எல்லாப் பருவத்துக்கும் ஆனது, ஈரத்துக்கு பி, பக்கத்தில் மலைக்குள் பனிப்பூ வரைந்த அடையாளம். அந்த அடையாளம் இருந்தால் ஸ்னோவிலும் சோதித்துப் பார்த்த ரயராம். நகைக்கடைக்குள் வந்தவள் போல அதைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

நாலையும் காரில் பூட்டி முடிந்ததும் தேசிக்காய் ஞாபகம் வந்தது. சில்லுக்குக் கீழே வைத்து நசிக்காமல் எப்படிப் புறப்படுவது? கடைக்காரரிடம், “லெமன் ஃபோர் த கார்...” என்று தொடங்கினேன். மனிதருக்கு முகம் மாறிவிட்டது.

“நோ, நோ, லவ்! ஷீ இஸ் நோ லெமன்!” என்று பொனட்டைத் தட்டிக் கொடுத்தார்.

ஓயாமல் பழுதாகிற காரை ஆங்கிலத்தில் ‘லெமன்’ என்பார்களாம். கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் விளக்கினார். பக்கத்துக் கடையில் நாலு தேசிக்காய் வாங்கி வந்து நாலு சில்லுக்கும் கீழே வைத்து, காரை ஏற்றி நசித்தேன். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “குட் கிரிப்!” என்றார்.

மார்கழியில் புறப்பட்டோம்; என்னைத் தனியே விட மனமில்லாமல் கணவரும் ஏறிக்கொண்டார். வழி முழுக்க மழை; எனக்கோ பாட்டு. அவர் தன் பக்கத்துக் கைபிடியை விடவேயில்லை. தங்கையின் தெருவுக்கு ஏறும் ஏற்றத்தில் உண்மையாகவே ஸ்னோ கிடந்தது. நான் பாட்டை நிறுத்தினேன், கார் வழுக்கவில்லை. மெல்ல மெல்ல ஏறி, அவள் வாசலில் நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது. ஹான்ட்பிரேக்கை இழுத்தேன். கண்ணீர் மறைத்தது.

தங்கை வீட்டுச் செருப்போடு ஓடி வந்து கார்க் கண்ணாடியில் தட்டினாள்.

“அக்கா! இறங்கன். வீட்டுக்கை வாவன்!”

இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், கூடப் பிறந்த ஒருவர் வாசலில் நின்று என்னை உள்ளே கூப்பிட்டதில்லை. நேற்று வந்தவள் கூப்பிடுகிறாள், தன் வீடு என்று. கதவைத் திறந்து ஒரு காலை ஸ்னோவில் வைத்தேன். மற்றக் கால் இன்னும் கிளச்சை மிதித்தபடியே இருந்தது.