ஒளித்து வைத்த சீனி

இந்த ஊரில் டீ கேட்டால் சீனியில் டீயை ஊற்றித் தருவார்கள். தோஹாவுக்கு வந்த நாளிலிருந்து 'சீனி வேண்டாம்' என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நான் வேலை பார்க்கும் சரக்குக் கிட்டங்கியில் டீ போடும் சூடான்காரர் உஸ்மான், "நீ நோயாளியா?" என்று கேட்டார். "நானில்லை, அண்ணன்" என்றேன். அண்ணனுக்காக நான் நேர்ந்துகொண்டிருப்பதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நேர்ச்சையாவது, மண்ணாங்கட்டியாவது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் இது. அண்ணனுக்குச் சுகர் என்று தெரிந்த அன்றே மதினி சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அதன்பின் வீட்டில் யாருக்கும் சீனி இல்லை.

நான் லீவில் போயிருந்த ஐப்பசியில் தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. அண்ணனுக்கும் கண்டது. கரண்ட் இல்லை. இன்சுலின் பாட்டிலை ஈரமணல் பானைக்குள் வைத்து மதினி காவல் காத்தாள். சேற்றில் நடந்து வந்த நர்சம்மா உப்பும் சீனியும் கலந்த பொட்டலங்களைக் கொடுத்து, "இதக் கரைச்சு பைய பையக் குடிக்கணும் அண்ணாச்சி. ஊசியையும் நிறுத்தக் கூடாது" என்றார். அவர் தெருமுனை தாண்டுமுன் அண்ணன் அவற்றைச் சாக்கடையில் எறிந்தார்.

"பத்து வருசமா நாக்குல படாத சீனி. இப்பக் குடிச்சுச் சாவவா? சாப்பிடாதவனுக்கு ஊசி எதுக்குலே?"

அவர் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் கண் குழிக்குள் போய்விட்டது, மூச்சு வாங்கியது, என் பெயர்கூட அவருக்கு வரவில்லை. பக்கத்து வீட்டில் பொட்டலம் வாங்கி, டிராக்டரில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் மதினி கரண்டி கரண்டியாக ஊற்றினாள். பிழைத்தார். ஆனால் உடம்பில் நீர் வற்றியதில் சிறுநீரகம் கெட்டுவிட்டது, இன்னொரு தடவை தாங்காது என்றார்கள் டாக்டர்கள். அந்தச் சீனித்தண்ணிதான் கெடுத்தது என்று அண்ணன் இன்றும் மதினியை ஏசுகிறார்.

இப்போது அங்கே விடாத மழை. போன வாரம் போனில் மதினியிடம் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி. அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். அவிய கண்டா எறிஞ்சிருவாவ."

"ஆத்துல தண்ணி?"

"கூடுது. தெருவுல ரெண்டு வீட்டுல வாந்தின்னு சொல்லுதாவ."

நேற்றிலிருந்து போனில் மணிகூடப் போகவில்லை. மறுபடியும் மறுபடியும் அடித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உஸ்மான் டம்ளரைக் கொண்டுவந்து வைத்து, "உன் அண்ணனுக்காக, சீனியில்லாமல்" என்றார்.

இந்தத் தடவை அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அங்கே பானைக்குள் ஒளிந்திருக்கும் சீனி அண்ணன் வாய்க்குப் போய்ச் சேர வேண்டுமே என்று, சீனியில்லாத டீயை நேர்ச்சையாகவே குடித்தேன்.