ஏழாம் எண் கணினி

தொண்ணூற்றொன்பதில் ஜார்ஜ்டவுனில் நான் இணையப் பக்கம் எழுதப் படித்தபோது, பக்கத்தில் ஏழாம் எண் இருக்கையில் அவர் இருந்தார். கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரியில் வருவார். தடித்த கழுத்து, விரல் மூட்டெல்லாம் தழும்பு. கோபம் வந்தால் மேசையைக் குத்துவார். இன்னொரு முறை குத்தினால் வகுப்பைவிட்டு அனுப்பிவிடுவதாக ஆசிரியை சொல்லியிருந்தார். துறைமுக வேலையை இழந்தவருக்கு அந்த வகுப்பைத் தவிர வேறு வழி இல்லை.

பயிற்சி இதுதான்: பெயரைத் தட்டினால், அடுத்த பக்கம் அந்தப் பெயருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். அவர் மூன்று நாள் திருத்தித் திருத்தி எழுதியும் எதுவும் மாறவில்லை.

“எத்தன தடவதான்லா மாத்துறது!” என்று கத்தித் திரையில் ஓங்கிக் குத்தினார். கண்ணாடி நொறுங்கியது. கை கிழிந்து விசைப்பலகையெல்லாம் ரத்தம்.

அவருடைய கோப்பினை நான் என் கணினியில் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. வகுப்பின் பொதுக் கணினியில் எல்லோருடைய கோப்புகளும் கலந்து கிடந்தது பொறுக்காமல், இருக்கை எண்படி நான் நகலெடுத்து அடுக்கியிருந்தேன். அவர் திரை அந்த நகலைக் காட்டியது. அவர் திருத்தியதோ பழைய கோப்பை.

தாடையில் அடி விழும் என்று எதிர்பார்த்தே அவரிடம் சொன்னேன்.

“அப்ப நான் எழுதுனது சரிதானே, அண்ணே?”

“சரிதான்.”

“அது போதும்லா.” ரத்தக் கையைச் சட்டையில் துடைத்துச் சிரித்தார்.

ஆசிரியை வாசலைக் காட்டினார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இறங்கிப் போனார். நானும் வாய் திறக்கவில்லை.