பின்பக்கத்தில் எழுதிய இரண்டு பெயர்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை முதல் வகுப்பு மணி அடித்த பிறகும் வேதியியல் ஆய்வகம் பூட்டியே இருந்தது. மாணவர்கள் வெள்ளைக் கோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார்கள். ஆய்வக உதவியாளர் எலியாஸ் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. எரிச்சலோடு கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் கால்பந்து கிளப் செயலாளர் தாமஸ் சார் அழைத்துவிட்டார்.

"மேடம், நம்ம எலியாஸ் போயிட்டான். காலைல குளிக்கப் போனவன் பாத்ரூம்லயே விழுந்துட்டான். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்று யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. அது எலியாஸுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி தாமஸ் சார் கேட்டார். உங்களுக்கு எலியாஸ் கோல்கீப்பர். எனக்கு ஆய்வக உதவியாளர், அதே தெருக்காரர். கல்லூரி வாசலுக்குள் என்னை மேடம் என்பார். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டியதும் அக்கா என்பார். அவருடைய நல்ல குணங்களை மற்றவர்கள் சொல்வார்கள். நான் ஏழு வருடங்களுக்கு முன் நம் கிளப் தேசியக் கோப்பை ஆடிய பருவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

எனக்குக் கால்பந்தில் ஆர்வம் கிடையாது. கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டோம் என்று அவர் வந்து சொன்னபோது, அது பெரிய விஷயமா என்று கேட்டேன்.

"ஒரு மேட்ச் தோத்தா வீட்டுக்கு, மேடம். அவ்ளோதான். ஆனா நம்ம பக்கத்துலேர்ந்து யாரும் அங்க போனதே இல்ல."

வீரர்களின் பட்டியலை இணையத்தில் பதிய வேண்டும். தாமஸ் சாருக்கு அது வராது. "உங்களுக்கு இதெல்லாம் பத்து நிமிஷம்" என்று எலியாஸ் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பின்பக்கமும் பாருங்க, மேடம். எங்க ஆளுங்க கீப்பர் பேரை அங்கதான் எழுதுவாங்க. யாரு முதல்ல நிக்கிறாங்களோ அவங்க பேரு மேல இருக்கும்."

உள்ளூர்ப் போட்டிகளில் கோல்கீப்பர் பெயரை முன்பக்கம் எழுதிய வருடங்களில் எல்லாம் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்களாம். அதனால் இந்த வழக்கம். தாளில் எந்தப் பக்கம் எழுதினால் பந்துக்கு எப்படித் தெரியும் என்று நான் கிண்டல் செய்தேன். "பந்துக்குத் தெரியாது மேடம், தாமஸ் சாருக்குத் தெரியும்" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் போனதும் முன்பக்கத்துப் பெயர்களைப் பதிந்தேன். கோல்கீப்பர் என்ற கட்டம் காலியாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே கோல்கீப்பரின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். தாளைப் புரட்டவில்லை.

வினாத்தாளின் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லி வரும் மாணவர்களிடம் நான் ஒருபோதும் இரக்கம் காட்டியதில்லை.

பட்டியல் வெளிவந்தபோது இன்னொரு கோல்கீப்பரான மணிமாறன் பெயர் இல்லை. கோவளத்தில் கடலுக்குப் போய்வந்து, மீன் ஏலம் முடிந்ததும் இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்கு வந்தவர் மணி. மின்னஞ்சல் அனுப்பினேன். அணி கோப்பையிலிருந்து வெளியேறும் வரை பட்டியலில் மாற்றம் செய்ய முடியாது என்று பதில் வந்தது.

அன்று மாலை மைதானத்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மணி மட்டும்தான் கத்தினார். "எம் பேரு எங்க? யாரு தூக்குனது?" நான் வாயைத் திறப்பதற்குள் எலியாஸ் முன்னால் வந்தார். "மேடத்துகிட்ட பின்பக்கம் பாக்கச் சொல்ல மறந்துட்டேன்டா. எம்மேலதான் தப்பு."

"மறந்துட்டியா? உம் பேரு மட்டும் எப்டிடா மறக்காம வந்துச்சு?"

அதற்கான பதில் என்னிடம் இருந்தது. நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆய்வகத்தில், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். பியூரெட் குழாய்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வேணாம் மேடம். அவன் என்னைத் திட்டிட்டு ரெண்டு நாள்ல மறந்துடுவான். உங்களைத் திட்டினா நீங்க மறக்க மாட்டீங்க. அப்புறம் அடுத்த வருஷம் ஃபார்ம் யாரு போடுவாங்க?" ஒரு குழாயைத் தாங்கியில் மாட்டிவிட்டு, "கப்பு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

கோப்பை சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம். முதல் ஆட்டத்தில் ஒரு பந்தைத் தட்டிவிட்டபோது அவருடைய இடது மோதிர விரலின் மூட்டு உடைந்தது. ஆனால் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது, இல்லையென்றால் விரல் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அடுத்த ஆட்டம் ஒன்பதாம் நாள். பட்டியலில் வேறு கீப்பர் இல்லை. உடைந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவரே நின்றார். "மணியை வெட்டினான்ல, இப்போ தனியா அனுபவிக்கட்டும்" என்று நம் பக்கத்திலேயே சிலர் பேசினார்கள். அவர் காதில் விழும்படிதான் பேசினார்கள்.

அந்த ஆட்டத்துக்கு நான் போனேன். பிரார்த்தனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து நம் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தோற்றால் அவர் மருத்துவமனைக்குப் போகலாம். கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசிப் பந்தை அவர் காலால் தடுத்தார். எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"எழுந்திருங்க அக்கா. ஜெயிச்சுட்டோம். என்ன பண்றது!"

"விரல்?"

"நீங்க ஒருத்தர்தான் நாங்க தோக்கணும்னு உக்காந்திருந்தீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது." சிரித்தார். கட்டு நனைந்து, விரல் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது.

மூன்றாவது ஆட்டம் வெளியூரில். நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். செய்தி வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்து இன்றும் கூசுகிறேன்.

கோப்பை முடிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த விரல் பிறகு மடங்கவே இல்லை. திருமண மோதிரத்தைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டார். ஃபிளாஸ்க்கைத் தூக்கும்போது நான்கு விரல்கள் பிடித்திருக்க, அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். வாரத்தில் ஐந்து நாள், ஏழு வருடங்கள், அதன் எதிரில் நின்று பாடம் நடத்தினேன். வேறு கல்லூரிக்கு மாறலாமா என்றுகூட யோசித்ததுண்டு. மணி அவரோடு பேசுவதை நிறுத்தியவர், பிறகு பேசவே இல்லை. இரண்டு நாளில் மறந்துவிடுவான் என்று எலியாஸ் போட்ட கணக்கு மட்டும் தப்பிவிட்டது.

அடக்கத்துக்கு மணி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தின் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நான் அருகில் போனேன்.

"நல்லவன்தான் மேடம். ஆனா அந்த ஒண்ணு மட்டும் மன்சுல நின்னுகினே கீது. கேட்டிருந்தா நானே வுட்டுக் குட்த்திருப்பேன். எதுக்கு வெட்னான்?"

"மணி, அது அவர் இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம், அவன் குட்த்தத தான போட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இன்று மணி கட்டாயம் வர வேண்டும் என்று தாமஸ் சாரிடம் சொல்லியிருக்கிறேன். மணி, எலியாஸ் சொல்ல மறக்கவில்லை. சொன்னார். நான்தான் புரட்டவில்லை. பட்டியல் வெளிவந்த அன்றே அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தேன். பார்த்த பிறகும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இதை வாசித்து முடித்ததும் தாமஸ் சார் அதை உங்களிடம் தருவார். முன்பக்கம் தாமஸ் சாரின் கையெழுத்து. பின்பக்கம் எலியாஸின் கையெழுத்து. அதில் இரண்டே பெயர்கள். மேலே மணிமாறன். கீழே எலியாஸ்.

அந்தக் கோப்பையில் முதலில் நிற்க வேண்டியவர் நீங்கள். அப்படித்தான் அவர் எழுதிக் கொடுத்தார்.

தாள் உங்களுக்குச் சேர வேண்டியது. எனக்கு அந்த மடங்காத விரல் இருக்கிறது. ஆய்வகத்தில் யார் ஃபிளாஸ்க்கைத் தூக்கினாலும் மோதிர விரல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.