பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் என் பேஸ் கிடாரும்

பேஸ் கிடாரில் ஒரு கம்பியை மீட்டினால் மற்ற மூன்றும் சேர்ந்து முனகும். அதை அடக்க, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகி வைத்திருப்பேன். சரியான கனம் பிடிபடவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

இன்று காலை சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கப் போனால், ஆலயத்திலேயே விட்டுவைத்திருந்த கிடாரில் ஸ்பாஞ்சைக் காணோம்.

ஆலயம் கூட்டும் அக்காவைக் கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, அதுல ஏதோ அழுக்குப் பஞ்சு சிக்கியிருந்துச்சுங்க. நாந்தான் எடுத்து வீசிப்போட்டேனுங்க."

இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் கோபப்படக்கூட வழியில்லை.

முதல் பாட்டிலிருந்து உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிப் பார்த்தேன். வேகமான பாட்டுகளில் அடங்கவே இல்லை. ஒரு சுரம் ஓய்வதற்குள் அடுத்தது அதன் மேல் விழுந்து, எல்லாம் ஒரே கொழகொழப்பு. கடைசிவரை நான் தலை நிமிரவில்லை.

வாசலில் சபை மூப்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு வருசத்துல இன்னைக்குத்தானுங்க தம்பி உங்க கிடாரு காதுல உழுந்துச்சு. இனி இப்படியே வாசிங்க."

வரும் வழியில் ஆர்.எஸ்.புரத்தில் புது ஸ்பாஞ்சு ஒன்று வாங்கினேன். கிடாரில் செருகவா, பாத்திரம் தேய்க்கவா, நீங்களே சொல்லுங்கள்.