தொட்டிக்குப் போட்ட கொசுறு

“…அப்படியென்றால் இந்தப் பழக்கத்துக்கு உங்கள் ஊரில் ஒரு பெயரே இருக்கிறது, இல்லையா?” என்று கேட்டுவிட்டு ரித்வா பேனா மூடியைக் கழற்றினார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பின்லாந்துக்கு வந்து ஒன்பது மாதமாகியும் எனக்குப் பழகாத விஷயம் இதுதான். ஒருவர் நம்மைத் திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா, நாளைக்கு மழை வரும் என்கிறாரா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் ஒரே சுருதி. எங்கள் ராஜபாளையத்தில் ஒருவர் டீ சொன்னாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

மேசைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று பிழைத்தாள், தொட்டியில் தப்பு நடந்தால் நிரப்புவது. மற்றது, நான் தனியாகத் தொட்டியை இயக்கலாம் என்று ஷிப்ட் தலைவியான ரித்வா கையெழுத்திட வேண்டிய தாள். அந்தக் கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அப்பா வீட்டில் இருக்கும் என் மனைவி செல்வி இங்கே வந்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். தினமும் போனில் முதல் கேள்வி அதுதான். “ஏங்க, அவிய கையெழுத்துப் போட்டாச்சா? ஸ்வெட்டர் வாங்கி வச்சு மூணு மாசமாச்சு. இங்க அடிக்கிற வெயில்ல அதைப் பாத்தாலே வேர்க்குது.”

என் வேலை இன்னதென்று செல்விக்கு விளங்கவைக்க நான் பட்டபாடு கொஞ்சமில்லை. இங்கே கௌரா என்று சொல்லும் ஓட்ஸை அரைத்து, வெந்நீரில் கரைத்து, அதன் மாவுச்சத்தை என்சைம் ஊற்றி உடைத்து, பால்போல ஆக்குகிறோம். “என்சைம்னா, நம்ம எச்சில்ல இருக்குமே. சோத்தை மென்னுக்கிட்டே இருந்தா இனிக்கும்ல, அதைச் செய்யிறது” என்றேன். “அப்போ அது எச்சிப் பாலா?” என்றாள். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “பால்கோவா ஊர்ல பொண்ணெடுத்துட்டு, மாடில்லாமப் பால் கறக்கப் போயிருக்கீக. எங்கப்பா காதுல விழுந்துறாமப் பாத்துக்கோங்க” என்று போனை வைத்தாள்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவனில்லை. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வெளுக்கும் பட்டறையில் இருந்தேன். நெய்வதற்கு முன் நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நெய்தபின் அந்தக் கஞ்சி முழுக்கப் போனால்தான் துணி ரத்தத்தை உறிஞ்சும். அதற்கும் என்சைம்தான். முதலில் நான் செய்த தொட்டி ஒரு பழைய டிரம். ஆவிக்குழாயை நேரே உள்ளே விட்டேன். ஆவி விழுந்த இடத்தில் என்சைம் வெந்து செத்தது, எட்டாத மூலையில் குளிர்ந்து தூங்கியது. துணி திட்டுத் திட்டாக வந்தது. மூன்று மாதம் தரையில் சாக்பீஸால் வரைந்து வரைந்து அழித்தபின், தொட்டிக்கு வெளியே இன்னொரு சட்டை போட்டு, ஆவியை அந்த இடைவெளியில் ஓட விட்டு, உள்ளே மெதுவாகச் சுற்றும் துடுப்பு வைத்து வெல்டிங் செய்தோம். பயோரியாக்டர் என்ற சொல்லை அப்போது நான் கேட்டதுகூட இல்லை. எங்களுக்கு அது கஞ்சித் தொட்டி. என்சைம் விற்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அப்படியே ஊர் ஊராக நகர்ந்து இங்கே வந்து நிற்கிறேன்.

அந்தப் பட்டறையில் துணியைச் சோதிப்பவள் சண்முகத்தாய். என் வயதுதான், வாய் மட்டும் பத்து வயது மூப்பு. துணியில் அயோடின் சொட்டு விடுவாள். நீலம் பிடித்தால் கஞ்சி மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். “ஏலே, இங்க வந்து பாருல, மயில் கணக்கா நீலம் நிக்குது! தொட்டியைப் பட்டினி போட்டா அது எப்படில வேலை பாக்கும்? இன்னுங் கொஞ்சம் ஊத்து, உன் வீட்டுச் சொத்தா கொறையப் போகுது?” அவள் வாய்க்குப் பயந்தே, அளந்து ஊற்றியபின் கேனை இன்னொரு தடவை சாய்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. எடைபோட்ட காய்கறிக்குமேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைக்கிறார்களே, அதுபோலத் தொட்டிக்கும் கொசுறு. துணியில் அதனால் கெடுதல் கிடையாது. கஞ்சி மொத்தமும் ஒழிய வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்ஸ் விஷயம் வேறு. பாதியில் நிறுத்த வேண்டும். என்சைம் வேலை செய்து தீர்ந்துபோகிற சாமானில்லை. சூடேற்றிக் கொல்லும்வரை ஒன்றை உடைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கும். கூடினால் பால் நீர்த்து, சர்க்கரைப் பாகாய் இனிக்கும். கையெழுத்துக்காக நான் மூன்று தொட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். புது வகைகளைப் பரிசோதிக்கும் ஐந்நூறு லிட்டர் தொட்டி அது. இருநூற்றைம்பது மில்லி என்சைமைக் கையால் அளந்து ஊற்ற வேண்டும். ரித்வா பக்கத்தில் நின்ற இரண்டு தடவையும் கை அடங்கியிருந்தது. மூன்றாவது தடவை அவர் போன் பேசப் போனார். கை தன் பாட்டுக்குக் கேனைச் சாய்த்திருக்கிறது. அரை மணியில் கலக்கும் மோட்டாரின் முனகல் தணிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கஞ்சி அதற்குள் இளகிவிட்டிருந்தது.

ரித்வா ஒரு கோப்பையில் பிடித்துக் குடித்துப் பார்த்து, “இனிப்பு அதிகம்” என்றார். தொட்டியின் பதிவேட்டில் எல்லாம் சரி. சூடு சரி, நேரம் சரி, அளவு சரி. “அப்படியானால் ஓட்ஸில்தான் கோளாறு. அந்த விவசாயியின் லோடைத் திருப்பி அனுப்புகிறேன்” என்று போனை எடுத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து என் கையில். ஸ்வெட்டர் கண்முன் வந்து போனது. முகம் தெரியாத அந்த விவசாயியும் வந்து நின்றார். “ஓட்ஸ் இல்லை, என் கை” என்றேன்.

“எவ்வளவு?”

“ஒரு கை.”

“கை என்றால் எத்தனை மில்லி?”

எனக்கென்ன தெரியும்? கழுவும் தொட்டிக்கு அழைத்துப்போய், காலிக் கேனில் தண்ணீர் நிரப்பி, ஓர் அளவுக் குடுவையை நீட்டினார். “செய்யுங்கள்.” சாய்த்தேன். நாற்பது மில்லி. மறுபடி. நாற்பத்தொன்று. மறுபடி. நாற்பது. குடுவையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். கூடுதல் எவ்வளவு என்று தெரிந்துவிட்டதால் வழி பிறந்தது. அடுத்த தொட்டியைச் சீக்கிரமே நிறுத்தி இரண்டையும் கலந்தால் சரியாகும். “நீங்களே ஓட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். கலந்தபின் குடித்துப் பார்த்தோம். அளவான இனிப்பு, அளவான கெட்டி. லோடு திரும்பிப் போகவில்லை.

இப்போது மேசைக்கு வருவோம். “கொசுறு என்று பெயர்” என்றேன்.

“வாங்குகிறவர் அதற்குக் காசு கொடுப்பாரா?”

“இல்லை. மனசு குளிர்ந்து மறுபடியும் நம்மிடமே வருவார்.”

ரித்வா யோசித்தார். “தொட்டி எங்கும் போகவில்லையே.”

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் சிரிக்கவில்லை, எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டு, பிழைத்தாளில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் கொசுறு என்று தம் மொழி எழுத்தில் எழுதினார். ராஜபாளையத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களே, நம்முடைய தாராளம் இங்கே பிழைக் கணக்கில் ஏறிவிட்டது. வெட்கப்படுவதா, பெருமைப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிறகு மற்ற தாளை இழுத்து, மழை வரும் என்று சொல்கிற அதே முகத்தோடு கையெழுத்துப் போட்டார். நான் செல்வியை அழைக்கப் போனை எடுத்தேன்.

“பொறுங்கள்” என்றார். பிழைத்தாளில் கடைசிக் கட்டம் பாக்கியிருந்தது: இனி நடக்காமலிருக்க என்ன செய்வது? கொஞ்ச நேரம் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்த ரித்வா, குனிந்து எழுதினார்: ‘இவர் ஓட்டும்போது குடுவையில் இருநூற்றுப்பத்து மில்லி மட்டும் அளக்கவும். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.’