வலது காதில் மட்டும் கேட்ட பியானோ

பியானோ டிப்ளோமாப் பரீட்சைக்கு இரண்டு ஆக்கங்கள் தெரிவு செய்திருந்தேன். ஒன்று விரல் வேகத்தைக் காட்டுவது. கேட்பவர் வாயைப் பிளக்கவென்றே எழுதப்பட்டது. மற்றையது மெதுவானது. அதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை, இரண்டு கைகளும் ஒன்றையொன்று கேட்டு நடக்க வேண்டும். பாஸானால் சாய்ந்தமருதிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். டிப்ளோமா இல்லாதவளிடம் எந்த உம்மாவும் மகளை அனுப்பமாட்டார்.

வீட்டில் இருப்பது மின்பியானோ. சத்தம் சுவரைத் தாண்டக்கூடாது என்பது வாப்பாவின் ஒரே நிபந்தனை. ஆகவே தொடக்கத்திலிருந்தே இயர்போனில்தான் பயிற்சி.

பரீட்சைக்கு முந்திய வாரம், மரப் பியானோவில் வாசித்துப் பார்க்க மட்டக்களப்பில் ஒரு மண்டபத்துக்குப் போனோம். துணைக்கு எனக்கு மூத்தவரான ராத்தா வந்தார். அவர் கணித ஆசிரியை. அதுவரை என் பியானோக் கட்டைகளின் டக் டக் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை.

வேகமானதை முதலில் வாசித்தேன்.

"அல்லாஹ்வே! தேங்கா திருவ ஏலாதெண்டு சொன்ன கையா இது?"

அடுத்து மெதுவானது. முடிந்தபின் ராத்தா பதிந்துகொண்டிருந்த போனைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க ராத்தா."

"கோவிக்காத புள்ள. ஒரு கை பாடுது, மத்தக் கை கதவத் தட்டிக்கிட்டு நிக்கிது."

சிரித்தேன். அவர் போனில் பதிந்ததைப் போட்டுக் காட்டினார். சிரிப்பு நின்றது. இடது கை ஒவ்வொரு சுரத்தையும் இடித்துக்கொண்டிருந்தது.

கட்டைகள் பாரம். மண்டபம் எதிரொலிக்கிறது. ஆசனம் உயரம். சாக்குகளை மனதுக்குள் எழுதி எழுதி வெட்டினேன். வலது கையும் அதே பியானோவில், அதே ஆசனத்திலிருந்துதானே வாசித்தது? இன்னொருமுறை கேட்க இயர்போனை எடுத்து, ஸ்கார்ஃபுக்குள்ளே வலது காதில் செருகினேன்.

"மத்தக் காதுக்கு?" என்றார் ராத்தா.

"பள்ளியில பாங்கு சொன்னா கேக்கணும். உம்மா கூப்பிட்டாலும் கேக்கணுமே."

"உம்மா ஊருல இரிக்கா. லுஹர் தொழுதிட்டுத்தானே வந்த நாம?"

செருகிய இயர்போனைக் கழற்றினேன். மின்பியானோவில் கீழ்ச் சுரங்கள் பெரும்பாலும் இடது காதுக்கும், மேல் சுரங்கள் வலது காதுக்கும் போகும். நான் தொலைத்தொடர்பு படித்தவள். இதையெல்லாம் மற்றவர்களுக்கு வரைந்து காட்டுபவள். இத்தனை வருடமாக வலது காதில் மட்டும் செருகிப் பயின்றதில், என் இடது கை எனக்குச் சரியாகக் கேட்டதேயில்லை. மங்கலாகக் கேட்டதை உரக்கக் கேட்க இடித்தே பழகியிருக்கிறேன். வேகமான ஆக்கம் அதை மறைத்துவிட்டது. அங்கே மினுக்கமெல்லாம் வலது கையில். இடது இடித்தால் அதுவும் வீரமாகவே கேட்கிறது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் இரண்டு காதிலும் செருகிக்கொண்டேன். பாங்கு சொன்னால் தோளில் தட்டுவதற்கு ராத்தா பக்கத்தில் இருந்தார். மெதுவான ஆக்கத்தின் பாதி மெட்டு இடது கையில் இருந்தது. எனக்குத் தெரியாத ஒன்றையா பாடமாக்கி வைத்திருந்தேன்?

"இதத் தூக்கிட்டு இன்னொரு ஓட்டப் பாட்டப் போடன். மாத்த ஏலுமா?"

"ஏலும்."

"மறுகா என்ன?"

"மறுகா எனக்கிட்டப் படிக்க வாற புள்ளயளுக்கும் ஓடத்தான் சொல்லிக்குடுக்கணும்."

மாற்றவில்லை. கொழும்பில் இரண்டையும் வாசித்தேன். முடிவு வந்தபோது வேகமானதற்கு மிக உயர்ந்த புள்ளி. மெதுவானதற்குக் கீழே, இடது கை கேட்கவேயில்லை என்று எழுதியிருந்தது. படிக்கட்டில் நின்று அந்த வரியைத் திரும்பவும் படித்தேன். இடித்த கை ஒரே வாரத்தில் பயந்து ஒளிந்திருக்கிறது. மொத்தத்தில் பாஸில்லை.

"ஓட்டப் பாட்டு ரெண்டு போட்டிருந்தா இந்நேரம் டிப்ளோமா," என்றார் ராத்தா.

"ஓம்."

அடுத்த பரீட்சைக்கான விண்ணப்பத்தில் அதே மெதுவான ஆக்கத்தை மீண்டும் எழுதினேன். வேகமானதை எடுத்துவிட்டு, அதைவிட மெதுவான இன்னொன்றைச் சேர்த்தேன். ராத்தா எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஊருற பாட்டா?"

"ஓம்," என்றேன்.